வேலை எல்லாம் முடிச்சாச்சு சார்!

டிஸ்கி: டீசல் வாசனையே ஆகாதவர்கள் இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். வீட்டில் பழைய ஜீப் ஒன்று நிற்கிறது, ரிப்பேர் பண்ணி வித்துடலாமா என்று யோசிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாங்க. வாங்க நினைக்கிறவர்கள் இரண்டு தடவை படிங்க.

பழைய டீசல் ஜீப் விற்கிறவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது. "வேலை எதுவும் இல்ல சார், எல்லாம் முடிச்சாச்சு." எந்த வேலை, எப்போ, யார் கையில், எவ்வளவுக்கு, எதை விட்டுட்டு... எதுவுமே அதில் கிடையாது. பொட்டி தட்டுகிற நம்ம தொழிலில் ஒருத்தர் வந்து "எல்லா பக்கும் சரி பண்ணியாச்சு" என்று சொன்னால் விடுவோமா? எந்த பக், லிஸ்ட் எங்கே, யார் டெஸ்ட் பண்ணது என்று பிராணனை வாங்கிடுவோம். ஜீப் என்றதும் மட்டும் பெயிண்டைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிறோம்.

என் கட்சி இதுதான். பழைய ஜீப்புக்கு இரண்டு வகை ரிப்பேர் உண்டு. ஓட்டுவதற்காகப் பண்றது ஒண்ணு, விற்பதற்காகப் பண்றது இன்னொண்ணு. இரண்டாவது வகையை நான் திருட்டு என்றே சொல்வேன். மலைப்பாதை பக்கத்தில் இருக்கிற ஊரில் என்றால் திருட்டைவிட மோசம்.

நான் விற்றது அப்பாவின் மஹிந்திரா எம்எம் 540, 1993 மாடல். போடிநாயக்கனூரில் இருந்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வர வாங்கினது. அப்பாவுக்கு முட்டி வலி வந்து தோட்டத்துக்குப் போறதை நிறுத்தியதும் ஷெட்டில் நின்றுவிட்டது. நான் இருப்பது சென்னையில், கார் நிறுத்தவே இடம் இல்லாத தெருவில். விற்பதைத் தவிர வழியில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன புராணம். மஹிந்திரா 1947ல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்க ஆரம்பித்த கம்பெனி. நம்ம ஊர் ஜீப்புகளில் பாதி அந்த வில்லிஸின் பிள்ளை, பேரன் வகையறாதான். 540ல் இருப்பது பியூஜோ லைசென்ஸில் செய்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர். பேரிலேயே ஜாதகம் இருக்கு பாருங்க. 2112 சிசி, 62 குதிரை. இன்னொரு வகை ஜீப்பில் வரும் 2523 சிசி டிஐ இன்ஜின் டிராக்டர் பரம்பரை. அது இழுக்கும், ஆனால் சத்தம் ஊரைக் கூட்டும். பியூஜோ கொஞ்சம் நாசூக்கு. டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போகாமல், பக்கத்தில் இருக்கும் சின்ன அறையில் எரிய ஆரம்பித்து அப்புறம் உள்ளே வரும். அதனால் காலையில் ஹீட்டர் பிளக் சூடாகாமல் கிளம்பாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஷெட்டில் இருந்து இழுத்து வந்து, எங்க குடும்பத்துக்கு இருபது வருஷமா வண்டி பார்க்கும் மெக்கானிக் பாயிடம் விட்டேன். அதே வாரம் புரோக்கர் ஒருத்தர் வந்து பார்த்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். பானெட்டைத் தூக்கவே இல்லை.

"தம்பி, இப்படியே குடுத்தா ஒண்ணு அறுபது. ஒரு அம்பதாயிரம் போட்டு டிங்கரிங் பண்ணி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, அகல டயர் நாலு மாட்டுங்க. மூணேகாலுக்கு நான் பொறுப்பு."

"பிரேக்கு, ஸ்டீயரிங் எல்லாம் பாக்கணுமேண்ணே?"

"அதெல்லாம் வாங்குறவன் பாத்துக்குவான். உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு?"

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. சந்தையை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். நான் பார்த்தவரை, 2020ல் புது தார் வந்ததில் இருந்து பழைய ஜீப் தேடுகிற கூட்டமே மாறிவிட்டது. தோட்டத்துக்கு வாங்குகிறவர்களோடு, ஞாயிற்றுக்கிழமை போட்டோவுக்கு வாங்குகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். (நம்ம இனம்தான், ஹி ஹி.) போட்டோவில் கிங் பின் தெரியாது. டயர் தெரியும்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜீப்பில் ஒரு கோளாறு இருந்தது. செகண்ட் கியர் ஜம்ப் ஆகும். எப்பவும் இல்லை. சமதளத்தில் ஆகாது, ஏத்தத்திலும் ஆகாது. இறக்கத்தில், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, வண்டி இன்ஜினைத் தள்ளுகிற நேரத்தில் மட்டும் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழும். போடிமெட்டில் இருந்து இறங்கும்போது அப்பா இடது கையால் கியர் லீவரைப் பிடித்துக்கொண்டே வருவார். சின்ன வயசில் அது ஸ்டைல் என்று நினைத்து நானும் என் பிளாஸ்டிக் காரில் அப்படியே பிடிப்பேன்.

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது செகண்டில் போட்டு, இன்ஜினே வண்டியைப் பிடிக்கிற மாதிரி வருவதுதான் முறை. பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடாகி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் கியரும் கழன்றுகொண்டால் என்ன மிச்சம்? ஹேண்ட் பிரேக்கா? வில்லிஸ் வழி வந்த பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தையே பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன டிரம்மைப் பிடிக்கும். நிறுத்தின வண்டி உருளாமல் இருக்க அது போதும், இறக்கத்தில் ஓடுகிற வண்டியை நிறுத்த அதை நம்ப முடியாது. பழைய வில்லிஸ் மாடல்களில் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றைச் சுற்று. எங்கேயாவது ஒரு டியூப் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பெடல் தரைக்குப் போய்விடும்.

தினமும் விடிகாலையில் போடியில் இருந்தும் கம்பத்தில் இருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். பெரும்பாலும் பெண்கள். தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். அந்தப் பக்கம் ஜீப் கவிழ்ந்த செய்தி தேனிக்காரர்கள் யாருக்கும் புதுசு இல்லை. எங்க வண்டி விற்றபிறகு எங்கே போகும், யாரை ஏற்றும் என்று எனக்குத் தெரியுமா?

கியர் விஷயத்தை புரோக்கரிடம் சொன்னேன். "டெஸ்ட் டிரைவ்ல தெரியாது தம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தா போதும்" என்றார். உண்மைதான், தெரியாது. எனக்கு உறுத்தினதும் அதுதான். "வாங்குபவன்தான் பார்த்து வாங்கணும்" என்கிற நியாயம் கண்ணுக்குத் தெரிகிற குறைக்குச் சரி. துருப்பிடித்த தரையை அவர் குனிந்து பார்க்கலாம். ஆனால் மலை இறங்கினால் மட்டும் தெரிகிற குறையை, மலை இறங்கிப் பார்த்த குடும்பத்தைத் தவிர யார் சொல்லமுடியும்?

பாய் பாக்ஸை இறக்கினார். செகண்ட் கியரும் அதோடு சேர்கிற ஹப்பும் பல் முனை மழுங்கிப் போயிருந்தது. அது இரண்டும், பேரிங்கும் மாற்றினோம். "இருக்கட்டும்னு விட்டிருந்தா யாரும் உங்களக் கேட்டிருக்க மாட்டாங்க தம்பி" என்றார். பாராட்டா கிண்டலா என்று இன்னும் புரியவில்லை.

அப்புறம் மற்ற வேலைகள். இன்ஜெக்‌ஷன் பம்ப்பை இறக்கி சர்வீஸ், நாலு நாசில், நாலு ஹீட்டர் பிளக், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், வாட்டர் பம்ப். நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர், லைனிங், பிரேக் ஹோஸ். முன்பக்கம் கிங் பின் பேரிங், டை ராட் எண்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் புஷ். கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஆச்சு. பம்ப் வேலையை முதலில் கொடுத்த வேறொரு ஒர்க் ஷாப்பில் மூணு வாரம் போட்டு வைத்துவிட்டு, வெறும் சீல் மாற்றிப் பெயிண்ட் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பம்ப்புக்கே பட்டி பார்க்கிற தேசம் சார் இது. அவ்வ்வ்வ்...

செய்யாமல் விட்டதும் உண்டு. இன்ஜினில் லேசாக பேக் கம்ப்ரஷன் இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் மெல்லிசாகப் புகை வரும். போர் வேலை பார்த்தால் இன்னொரு லட்சம். இன்னும் கொஞ்ச காலம் ஓடும், ஆபத்தும் இல்லை என்று பாய் சொன்னதால் விட்டேன். டிரைவர் காலடியில் தரைத்தகடு துரு. முன் ஆக்ஸிலில் ஃபோர் வீல் போட்டால் ஒரு முனகல். இந்த மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி பில்களோடு ஃபைலில் முதல் பக்கமாக வைத்தேன்.

இந்த இடத்தில் விற்பனை தந்திரங்கள் பற்றிக் கொஞ்சம். வாங்குகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேக் கம்ப்ரஷனை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடுவார்கள், ரெண்டு வாரத்துக்குப் புகை அடங்கும். கரும்புகை அடித்தால் பம்ப்பில் டீசல் அளவைக் குறைத்துவிடுவார்கள். புகை போய்விடும், ஏத்தத்தில் இழுவையும் கூடவே போய்விடும். ஆள் இல்லாமல் பாரம் இல்லாமல் ஓட்டிப்பார்க்கும் உங்களுக்கு அது தெரியாது. நீலப்புகை ஆயில் எரிவது. காலையில் ஸ்டார்ட் பண்ணி ரொம்ப நேரம் வெள்ளைப்புகை போனால் ஹீட்டர் பிளக், நாசில், கம்ப்ரஷன் மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லை. நல்ல வாசனையோடு விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதெல்லாம் இன்ஜின் குளிர்ந்து இருந்தால்தான் தெரியும். அதனால்தான் நீங்கள் போகும்போது "இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் சார்" என்று வண்டி ஏற்கெனவே சூடாக இருக்கும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

வண்டியை விலைக்குப் போட்டதும் வந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாகணும்.

முதல் ஆள் நம்ம துறை. கோயம்புத்தூரில் ஆணி பிடுங்குகிறவர். நல்ல மனுஷன், காபி எல்லாம் வாங்கிக்கொடுத்தார். பத்தொன்பது கேள்வி கேட்டார். அதில் பதினாறு டயர், பம்பர், லைட், கேன்வாஸ் பற்றி. ஃபைலை நீட்டினேன், புரட்டாமல் சீட்டில் வைத்தார். "ஆர்மி கிரீன் அடிச்சுக் குடுத்தீங்கன்னா மூணு பத்து தர்றேன் பாஸ்" என்றார். ராணுவ ஆலிவ் பச்சை நிறத்தைத் தனியார் வண்டிக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121வது விதி சொல்கிறது, அது பாதுகாப்புத் துறைக்கு மட்டும் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் அவரிடம் சொன்னேன். வண்டியை "விண்டேஜ்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 2021 ஜூலையில் வந்த விதிப்படி விண்டேஜ் என்றால் 50 வயசு தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிசாக மாறாமல் இருக்கணும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. எங்க 1993 மாடலை விண்டேஜ் என்று விற்பது, ரிட்டயர் ஆகாத தாத்தாவுக்கு பென்ஷன் கேட்கிற மாதிரி. அதைவிட வேடிக்கை, நிஜமாகவே 50 தாண்டிய வில்லிஸ்களில் பலவற்றில் பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிவிட்டு டீசல் இன்ஜின் வைத்திருப்பார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல். வாங்குகிறவர்கள் ஆர்.சி.யில் எரிபொருள் என்ன, இன்ஜின் நம்பர் என்ன என்று முதலில் பாருங்கள். கம்பெனியில் இருந்து வந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பம்பர் அழகைப் பார்த்துவிட்டு இதை விட்டால், எஃப்.சி. காட்டப் போகும் அன்று அழுகைதான்.

இரண்டாவது ஆள் சாந்தன்பாறை பக்கம் சொந்தமாகச் சின்ன ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். ஒரு வயசான டிரைவரைக் கூட்டி வந்தார். டிரைவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. ஜாக்கி கேட்டார். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிரேக் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, கீழே இறங்குகிறதா என்று பார்த்தார். ஆயில் மூடியைக் கழட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வெள்ளைத்தாளைக் காட்டினேன். அப்புறம் கேட்டார், "மெட்டு வரைக்கும் போயிட்டு வரலாமா?"

போனோம். திரும்பி இறங்கும்போது செகண்டில் போட்டு, கையை லீவரில் இருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஓட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே வந்ததும் முதலாளியிடம், "பாக்ஸு பாத்திருக்காங்க" என்றார். அவ்வளவுதான் சான்றிதழ்.

ரெண்டு எழுபதுக்கு முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒண்ணு அறுபது வண்டி, ஒண்ணு எழுபது செலவு. அறுபதாயிரம் கையை விட்டுப் போனது. புரோக்கர் சொன்னபடி பட்டி பார்த்திருந்தால் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் லாபம். ரிப்பேர் செலவு விலையில் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வராது. அது வரணும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ரிப்பேரே பண்ணாமல், குறையை எல்லாம் சொல்லி ஒண்ணு அறுபதுக்குக் கொடுத்துவிடலாம். அதுவும் நேர்மைதான். குறையைத் தெரிந்து வாங்குகிறவர் அதைச் சரிபண்ணிக்கொள்வார். நான் எதிர்ப்பது நடுவில் இருக்கிற மூணேகாலை மட்டும்தான்.

கடைசியாகக் காகிதம். இதில் மட்டும் தயவுசெய்து "நம்பிக்கைதான் சார் எல்லாம்" என்று இருந்துவிடாதீர்கள். ஒரே ஸ்டேட்டுக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவு சொல்கிறது. படிவம் 29, 30. வேற ஸ்டேட் போகிற வண்டி என்றால் படிவம் 28ல் என்.ஓ.சி.யும். பெயரே நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வண்டி நாலு கை மாறும், ஆர்.சி.யில் உங்க பேரே இருக்கும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. 2007ல் விற்ற வண்டி, கை மாறிக் கை மாறி 2009ல் விபத்து. இன்சூரன்ஸ் இல்லை. பதிவேட்டில் யார் பேர் இருந்ததோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. விற்று இரண்டு வருஷம் ஆனவர் தலையில் விழுந்தது.

பதிவுப் புதுப்பிப்பையும் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். 15 வருஷம் முடிந்தபின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். கார், ஜீப் வகைக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயசு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. எங்க வண்டிக்கு 2028 வரை இருக்கிறது, அடுத்த தடவை பத்தாயிரம் வரும் என்று அந்த வெள்ளைத்தாளிலேயே நாலாவதாக எழுதியிருந்தேன். டிரைவர் அதைப் படித்துவிட்டு முதலாளியிடம் இருந்து இன்னொரு ரெண்டாயிரம் குறைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். விவரமான ஆள். குறைக்கவில்லை :-)

வண்டி கேரளாவுக்குப் போகவேண்டியது. என்.ஓ.சி. கைக்கு வருகிறவரை எங்க ஷெட்டில்தான் நின்றது. வந்த அன்று டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிஷமும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டாவது சாவியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். புது ஆர்.சி. அவர் பேரில் வந்து அதன் போட்டோவை அனுப்பிய அன்றைக்கு, சாந்தன்பாறைக்கு கூரியரில் போட்டேன்.